உங்களுக்குத் தெரியுமா? நாய், பூனைச் சுரப்பிகளும் சி.டி. ஸ்கேனும்

● சி.டி. ஸ்கேனில் முதன்முதலாக ஒரு நோயாளியைப் படமெடுத்தது 1971 அக்டோபர் 1-ஆம் தேதி, லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில். அதற்கு முன்பே விலங்குகளின் உறுப்புகள் அந்தக் கருவிக்குள் போய்வந்துவிட்டன. கருவியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு, காளை மாட்டின் மூளையையும் பன்றி உடலின் சிறுநீரகப் பகுதியையும் வைத்துத்தான் படம் தெளிவாக விழுகிறதா என்று சோதித்தார். சிறுநீரகத்தை ஒட்டித்தான் அட்ரீனல் சுரப்பி இருக்கிறது. இன்று நாய், பூனைகளின் வயிற்றுப் பகுதியை சி.டி. எடுக்கும்போது மருத்துவர்கள் தேடிப் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

● நாயின் இடது அட்ரீனல், இடுப்பு சிறுத்து இரு முனையும் புடைத்த நிலக்கடலை போல இருக்கும். வலது அட்ரீனல் வளைந்த வடிவம். உடலின் பின்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெருஞ்சிரையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களிலும், குடலில் காற்று நிறைந்திருக்கும் நாய்களிலும் அல்ட்ராசவுண்டில் இந்த வலது சுரப்பி பல நேரம் பிடிபடாது. சி.டி.க்குக் காற்று ஒரு தடையே இல்லை.

● எவ்வளவு பெரிதாக இருந்தால் 'பெரிது'? இந்தக் கேள்விக்கு நாயின் விஷயத்தில் ஒற்றை விடை கிடையாது. இரண்டு கிலோ சிஹுவாஹுவாவும் அறுபது கிலோ கிரேட் டேனும் ஒரே உயிரினம்தான். 1990-களில் அட்ரீனலின் தடிமனுக்கு 7.4 மில்லிமீட்டர் என்ற ஒரே எல்லையை எல்லா நாய்க்கும் வைத்துப் பார்த்தார்கள். இதனால் சின்ன நாய்களில் வீங்கிய சுரப்பியும் 'சரியாக இருக்கிறது' என்று தப்பிப் போனது. பிறகு எடையைக் கணக்கில் சேர்த்தார்கள். பத்து கிலோவுக்கு உட்பட்ட நாய்க்கு 6 மி.மீ.யைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். பூனைக்கு இந்தத் தொல்லை குறைவு. பெரும்பாலான பூனைகளின் உடலளவு ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றின் அட்ரீனல் தடிமன் சுமார் 4 மி.மீ. ஸ்கேன் அறிக்கையில் மில்லிமீட்டரை மட்டும் படித்துவிட்டுப் பயப்படுவதும் சரியல்ல, நிம்மதி அடைவதும் சரியல்ல. பக்கத்தில் நாயின் எடையை எழுதிப் படிக்க வேண்டும்.

● இரண்டு அட்ரீனலையும் ஒரே படத்தில் ஒப்பிட்டாலே நோயின் மூலம் பாதி புரிந்துவிடும். உடலில் அட்ரீனல் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோன் மிகுந்துபோகும் குஷிங் நோய், நடுவயது தாண்டிய நாய்களை அடிக்கடி பிடிப்பது. இந்த நாய்களில் ஏறத்தாழ 80 முதல் 85 சதவீதத்துக்குக் கோளாறு மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரியில் இருக்கும். அது ஓயாமல் தூண்டுவதால் இரண்டு அட்ரீனலும் சேர்ந்து பெருக்கும். மீதி நாய்களில் ஓர் அட்ரீனலிலேயே கட்டி. அந்தக் கட்டி தானாகக் கார்ட்டிசாலைக் கொட்டுவதால் பிட்யூட்டரி தன் தூண்டுதலை நிறுத்திவிடும். வேலையில்லாத மறுபக்கச் சுரப்பி சூம்பிப் போகும். ஆக, ஒன்று பருத்து ஒன்று மெலிந்திருந்தால் ஒரு கதை. இரண்டும் பருத்திருந்தால் வேறு கதை. சிகிச்சையும் அதற்கேற்ப மாறும். ஒன்று மட்டும் பருத்த வகைக்கு அறுவைசிகிச்சை பற்றி யோசிக்கலாம். இரண்டும் பருத்த வகைக்குப் பெரும்பாலும் டிரைலோஸ்டேன் போன்ற மருந்து.

● இரண்டு அட்ரீனலும் மிகச் சிறுத்திருந்தால்? அடிசன் நோயாக இருக்கலாம். ஹார்மோன் போதாமல் நாய் சோர்ந்து விழும் நோய் அது.

● பிட்யூட்டரியை அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியாது. மண்டையோட்டு எலும்பு ஒலியலையை மறித்துவிடும். எம்.ஆர்.ஐ. வேண்டும், அல்லது சி.டி. வேண்டும். பூனையின் பிட்யூட்டரி உயரம் சுமார் 3 மி.மீ. மட்டுமே என்பதால் படத்தை 1 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய அடுக்குகளாக எடுக்க வேண்டும். 5 மி.மீ. அடுக்கில் எடுத்தால் சுரப்பி முழுவதும் ஒரே அடுக்குக்குள் அடங்கிக் காணாமல் போகும்.

● நாய்க்கு நாய் தலையின் அளவே மாறும்போது பிட்யூட்டரியின் பெருக்கத்தை எப்படி அளப்பது? நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் அழகான வழி ஒன்றைச் சொன்னார்கள். பிட்யூட்டரியின் உயரத்தை, அதே படத்தில் தெரியும் மூளையின் பரப்பால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். விடை 0.31-ஐத் தாண்டினால் சுரப்பி பெருத்திருக்கிறது. மூளையின் பரப்பு 1,600 சதுர மி.மீ., சுரப்பியின் உயரம் 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், விடை 0.25, பயமில்லை. உயரம் 6 மி.மீ. என்றால் 0.375. நாயின் அளவையே நாய்க்கு அளவுகோலாக்கிய இந்தச் சிந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. இதே உட்ரெக்டில்தான் நாய்களுக்கு வாய் வழியாகச் சென்று பிட்யூட்டரியை அகற்றும் அறுவைசிகிச்சை 1990-களிலிருந்து நடந்துவருகிறது. அதற்கு வரைபடமாக உதவுவது சி.டி. படம்.

● குஷிங் நோய் வந்த நாய்க்குப் பசி அடங்காது. அப்படிப்பட்ட நாய் திடீரென்று சாப்பாட்டை ஒதுக்கி, மந்தமாகி, சுவரைப் பார்த்து நின்றால் பிட்யூட்டரிக் கட்டி வளர்ந்து மூளையை அழுத்துகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். தலையைப் படமெடுக்க இனியும் தாமதிக்கக் கூடாது.

● சர்க்கரை நோய் வந்த பூனைக்கு இன்சுலின் எவ்வளவு கொடுத்தும் சர்க்கரை இறங்கவில்லையா? பிட்யூட்டரிக் கட்டி ஒன்று வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருக்கலாம். லண்டன் ராயல் வெட்டர்னரி கல்லூரி ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட கணக்குப்படி, பிரிட்டனில் சர்க்கரை நோயுள்ள பூனைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இந்தக் கோளாறு இருக்கக்கூடும். நாயில் நிலைமை வேறு. பெண் நாய்களில் அதே ஹார்மோன் மிகையாகச் சுரப்பது பெரும்பாலும் பால் சுரப்பிகளிலிருந்து.

● சாய மருந்து ஏற்றாத சாதாரண சி.டி. படத்திலேயே தைராய்டு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். காரணம் அயோடின். சி.டி.யில் தண்ணீரின் அடர்த்தி 0, காற்று மைனஸ் 1,000. தசை சுமார் 60. அயோடினைச் சேர்த்துவைக்கும் தைராய்டோ 100-ஐத் தாண்டும். இந்த அலகுக்கே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர்தான். கட்டி வந்த தைராய்டு அயோடினை இழந்து மங்கிவிடும் என்பதால், பருமனோடு வெண்மையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பூனைத் தைராய்டுக் கட்டிகள் மிகப் பெரும்பாலும் சாதுவானவை, ஆனால் ஹார்மோனைக் கொட்டுபவை. நாயில் கண்டுபிடிக்கப்படும் தைராய்டுக் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய், ஆனால் ஹார்மோனைக் கொட்டாதவை. ஒரே சுரப்பி, இரண்டு விலங்கில் இப்படி நேரெதிர்!

● பூனைக்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை தர நினைத்திருந்தால், சி.டி.க்கு ஏற்றும் அயோடின் சாய மருந்து அதைக் கெடுத்துவிடும். தைராய்டு அந்த அயோடினால் நிறைந்து, கதிரியக்க அயோடினை ஏற்க மறுக்கும். ஸ்கேனுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டிய செய்தி இது.

● வயதான பூனையின் அட்ரீனலில் சுண்ணாம்புப் படிவு தெரிந்தால் பெரும்பாலும் கவலையில்லை. நாயில் தெரிந்தால் கட்டியோ என்று தேட வேண்டும். அதேபோல, விதைநீக்கம் செய்த ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் சுண்ணாம்பு தெரிவது நல்ல அறிகுறி அல்ல.

● மனிதரிடம் 'மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லலாம். நாயிடம் சொல்ல முடியுமா? படமெடுப்பது சில நொடிகள்தான் என்றாலும், பொதுவாக மயக்க மருந்து தந்துதான் எடுக்கிறார்கள். மயக்க மருத்துவர் செயற்கை மூச்சு கொடுத்து, நுரையீரல் அசையாதிருக்கும் சில நொடிகளில் கருவி சுற்றி முடித்துவிடும்.

● 2016-இல் வெளியான ஓர் ஆய்வு: வேறு காரணங்களுக்காக வயிற்றுப் பகுதி சி.டி. எடுக்கப்பட்ட 270 நாய்களில் சுமார் 9 சதவீதத்துக்கு, யாரும் தேடாமலேயே அட்ரீனல் கட்டி கண்ணில் பட்டது. எல்லாமே ஆபத்தானவை அல்ல. நீண்ட நாள் நோயில் கிடக்கும் விலங்குக்கும் அட்ரீனல் சற்றுப் பெருக்கும். எனவே அளவை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனையும் விலங்கின் நடத்தையும் சேர்ந்து பேச வேண்டும்.

● நடத்தையைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். வயிறு தொங்குவதும், இருபுறமும் ஒரேபோல முடி கொட்டுவதும், ஓயாமல் இரைப்பதும் 'வயசாயிடுச்சு' என்று ஒதுக்கப்படும் அறிகுறிகள். முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தைக் கழியுங்கள். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு நாய் 100 மில்லிக்கு மேலோ, பூனை 50 மில்லிக்கு மேலோ குடித்தால், அந்தக் கணக்கை எழுதிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஸ்கேன் தேவையா என்பதை அவர் அதற்குப் பிறகு முடிவு செய்வார்.