எடை இறங்கும் வழி

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்குப் போகிற வழியில் வீடுகளின் தலைகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஓடு, தகரம், இடையிடையே கான்கிரீட் தளம். சில தளங்களின் மூலைகளில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். மகனுக்குக் கல்யாணம் ஆகட்டும், ஏலக்காய்க்கு நல்ல விலை வரட்டும், மேலே ஒரு மாடி எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தவை.

அந்த மாடியின் எடை என்னவென்று ஒரு கணக்குப் போடுவோம். 20 அடிக்கு 30 அடி வீடு. மேலே வரப்போகும் 5 அங்குலத் தளம் மட்டும் 17 டன். 9 அங்குலச் செங்கல் சுவர் 10 அடி உயரத்தில், ஓர் அடி நீளத்துக்கு 400 கிலோவுக்கு மேல். சுற்றுச்சுவரும் நடுச்சுவரும் சேர்ந்து, கதவு ஜன்னல் கழித்தால், 45 டன். பூச்சு, தரை, மனிதர்கள், கட்டில், பீரோ எல்லாம் சேர்த்தால் 80 டன்னை நெருங்கிவிடும். இத்தனையும் பழைய சுவர்களின் வழியாகத்தான் மண்ணுக்குள் இறங்க வேண்டும். கட்டுவது மேலே; சோதனை முழுவதும் கீழே.

மலையடிவாரப் பழைய வீடுகளில் கருங்கல்லை மண்ணிலோ சுண்ணாம்பிலோ வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள் உண்டு. கல்லைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஏலமலையின் பாறை, பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது; ஒரு மாடியின் பாரம் அதற்குப் பொருட்டல்ல. கவனிக்க வேண்டியது கற்களுக்கு நடுவிலுள்ள சாந்தை. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி, மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. தாத்தா கட்டிய சுவர் பேரன் காலத்திலும் உள்ளுக்குள் இறுகிக்கொண்டிருக்கலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிற விஷயம். மண்சாந்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மழை ஈரம் ஏறினால் இளகிவிடும்.

எடை எவ்வளவு என்பதோடு, அது எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். தலைச்சுமைக்காரர் மூட்டையை உச்சந்தலைக்கு நேராக வைத்தால் மைல் கணக்கில் நடப்பார். ஒரு பக்கமாகச் சரிந்தால் கழுத்து தாங்காது. சுவருக்கும் அதே நியாயம். சுவரின் அகலத்தை மூன்றாகப் பிரித்தால், பாரம் நடுப்பங்குக்குள் விழும்வரை சுவர் முழுவதும் அமுக்கப்படும். அதைத் தாண்டினால் எதிர்ப்பக்கம் பிரிந்து வாய் திறக்கப் பார்க்கும். இழுவையைத் தாங்கும் சக்தி மண்சாந்துக்கு இல்லை. ஒன்றரை அடிக் கல்சுவரின் வெளி விளிம்போடு ஒட்டி 9 அங்குலச் சுவரை எழுப்புவதாக வைத்துக்கொள்வோம். அறை கொஞ்சம் பெரிதாகும் என்று ஆசைப்பட்டுச் செய்வதுதான். பாரம் மையத்திலிருந்து நாலரை அங்குலம் விலகிவிடுகிறது. நடுப்பங்கின் எல்லையோ 3 அங்குலம். அதே சுவரை மையத்தில் நிறுத்தி, கீழே முழு அகலத்துக்கும் கான்கிரீட் பெல்ட் போட்டால் நிலைமையே வேறு.

மண்ணின் கதை இன்னும் நுட்பமானது. ஐம்பது வருடமாக வீட்டைச் சுமந்த மண், தன்னால் முடிந்த அளவு அமுங்கி முடித்திருக்கும். பழைய சுவருக்குப் பாரம் தராமல் பக்கத்தில் தூண்கள் எழுப்புவது நல்ல யோசனைதான். ஆனால் அந்தத் தூண்களின் அடிமண் இனிமேல்தான் அமுங்கத் தொடங்கும். பழையதும் புதியதும் பிணைந்திருந்தால் இணைப்பில் விரிசல் விடும். சரிவில் இது இன்னும் மோசம். மலைச்சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டிச் சமன் செய்த மனையில், வீட்டின் பின்பாதி கெட்டித் தரையிலும் முன்பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். ஒரு தளம்வரை பொறுத்துக்கொண்ட மண், இரண்டாவதை வைத்ததும் முன்பக்கம் மட்டும் இறங்கலாம்.

இனி, அந்தக் கம்பிகள். இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். அந்த விரிவு கான்கிரீட்டையே உள்ளிருந்து பிளந்துவிடும். புதுக் கம்பியைப் பழையதோடு சேர்க்கக் கம்பியின் தடிமனைப்போல் ஏறக்குறைய 50 மடங்கு நீளம் பக்கத்தில் ஓட வேண்டும், 12 மி.மீ. கம்பிக்கு 2 அடி. இரண்டு பருவமழையிலும் வருடக்கணக்கில் நனைந்த கம்பியில் நல்ல இரும்பு எவ்வளவு மிச்சம் என்று அளந்து பார்க்காமல் கட்டத் தொடங்கக் கூடாது. கம்பி நீட்டியபோதே மெலிந்த சிமெண்ட் சாந்தால் மூடி வைத்திருந்தால் இந்தக் கவலையே இல்லை.

மாடியில் என்ன வைக்கப்போகிறோம் என்பதும் கணக்கில் சேரும். குடியிருப்பு அறைக்கு இந்தியத் தர நிர்ணயம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ என்கிறது. சரக்குக் கிடங்குக்குக் குறைந்தது 750. படுக்கையறை என்று கட்டிவிட்டு ஏலக்காயும் மிளகும் மூட்டை மூட்டையாக அடுக்கினால் அது வேறு கட்டடம். வங்கதேசத்தின் ராணா பிளாசா என்ற கட்டடம் கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமாகத் திட்டமிடப்பட்டது. அனுமதியின்றி மாடிகள் கூடின. தையல் ஆலைகளின் எந்திரங்களும் ஜெனரேட்டர்களும் மேலே ஏறின. 2013 ஏப்ரல் 24 அன்று அது இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தைய நாளே தூண்களில் விரிசல் தெரிந்தது.

எடையைக் குறைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. செங்கல்லுக்குப் பதில் ஏஏசி எனும் இலகு கான்கிரீட் பிளாக் வைத்தால் 45 டன் சுவர் 15 டன் அளவுக்கு இறங்கும். தளத்துக்குப் பதில் ஷீட் போட்டால் இன்னுமொரு 15 டன் போகும். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியே வரும் காற்று லேசான கூரையைக் கீழே அமுக்காது, மேலே தூக்கும். வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்கு. ஷீட்டைச் சுவரோடும், சுவரை பெல்ட்டோடும் போல்ட் போட்டுப் பிணைத்தே ஆக வேண்டும்.

செங்கல் வாங்குவதற்கு முன் அஸ்திவாரத்தை ஒட்டி இரண்டு இடத்தில், ஒன்று மேட்டுப்பக்கம், ஒன்று பள்ளத்துப்பக்கம், குழி தோண்டி ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள். பழைய விரிசல் இருந்தால் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி, ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுவையுங்கள். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடைந்திருக்கும்.