பழம், காய்கறி நறுக்க மடக்குக் கத்தி வாங்குகிறீர்களா? கூர்மைக்கு முன்பு அலகின் தடிமனைப் பாருங்கள்

மழுங்கிய கத்தியை மீண்டும் தீட்டிக் கொள்ளலாம். தடித்த அலகை வீட்டில் மெல்லியதாக்குவது எளிதன்று. உணவுப் பயன்பாட்டுக்கு மடக்குக் கத்தி வாங்குவோர் கவனிக்க வேண்டிய அம்சங்களை விளக்குகிறது இந்தத் தொகுப்பு.

எருத்தேன்பதி (பாலக்காடு): கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையையொட்டி அமைந்துள்ளது எருத்தேன்பதி. தமிழும் மலையாளமும் அருகருகே புழங்கும் இப்பகுதியில், தமிழில் கத்தி எனப்படுவதை மலையாளத்தில் 'பிச்சாத்தி' என்பர். மாம்பழத்துக்குப் பெயர்பெற்ற முதலமடையும் இதே சித்தூர் வட்டத்தில்தான் உள்ளது. தோப்பில் பறித்த மாங்காயைக் கீறவும், பயணத்தில் வெங்காயம், தக்காளி நறுக்கவும் சட்டைப்பையில் அடங்கும் மடக்குக் கத்தி உதவும். ஆனால், கடைகளில் கிடைக்கும் மடக்குக் கத்திகள் அனைத்தும் சமையலுக்கு ஏற்றவை அல்ல.

தடிமன் ஏன் முக்கியம்?: கத்தி என்பது அடிப்படையில் ஓர் ஆப்பு. அதன் விளிம்பு பொருளுக்குள் நுழைந்ததும், பின்னால் வரும் அலகு அப்பொருளை இருபுறமும் விலக்கியாக வேண்டும். அலகு தடித்திருந்தால் கேரட், மாங்காய் போன்ற கெட்டியான காய்கள் சீராக நறுக்கப்படாமல் பிளந்துவிடும். தக்காளி நசுங்கிச் சாறு வடியும். எவ்வளவு தீட்டினாலும் இக்குறை முழுமையாக நீங்காது.

கயிறு அறுக்கவும் மரம் சீவவும் வடிவமைக்கப்பட்ட மடக்குக் கத்திகளின் முதுகுப்பகுதி பெரும்பாலும் 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். நறுக்குவதற்கு 2 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான தடிமன் போதுமானது. முதுகிலிருந்து விளிம்பு வரை அலகு படிப்படியாக மெலிந்து வருவதும் அவசியம். முனையை நேராக நோக்கினால் இந்தச் சரிவு தெளிவாகத் தெரியும்.

பிரான்ஸின் உதாரணம்: பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் 1890-ஆம் ஆண்டு ஜோசப் ஒப்பினெல் உருவாக்கிய மடக்குக் கத்தி இதற்குச் சிறந்த சான்று. மரப்பிடியும் மெல்லிய அலகும் கொண்ட அக்கத்தி, உழவர்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அறுக்கும் கருவியாகப் புகழ்பெற்றது. பரவலாக விற்பனையாகும் அதன் 8-ஆம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர் நீளமுடையது.

இந்தியாவில் மடக்குக் கத்தி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரி. திரைப்படங்களில் மிரட்டும் ஆயுதமாக இடம்பெற்ற நீண்ட கத்தி அது. காய் நறுக்க அத்தகைய நீளம் தேவையில்லை. 7 முதல் 9 சென்டிமீட்டர் அலகே போதும். அதைவிடக் குறுகினால் பெரிய மாம்பழத்தின் கன்னத்தை ஒரே இழுப்பில் அரிய இயலாது. நீண்டால் பையில் அடங்காது. பலகையில் வைத்து நறுக்குவோர், விளிம்பு மெல்ல வளைந்து முனையை நோக்கி எழும் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

எந்த எஃகு சிறந்தது?: கார்பன் எஃகு எளிதில் தீட்டப்படும், நல்ல கூர்மையும் பெறும். ஆனால் மாங்காய், எலுமிச்சை, புளி ஆகியவற்றின் அமிலம் பட்டால் நிறம் மாறும். ஈரத்துடன் விட்டால் துருப்பிடிக்கும். வாழைக்காய், வாழைப்பூ போன்றவற்றில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் இரும்புடன் வினைபுரிவதால், நறுக்கிய துண்டுகளும் கறுக்கும். துருப்பிடிக்காத எஃகில் குறைந்தபட்சம் 10.5 சதவீதம் குரோமியம் இருப்பதால் இத்தொல்லை குறைவு. புளிப்பும் ஈரமும் மிகுந்த நம் சமையலுக்கும், மழை மிகுந்த இடுக்கி போன்ற மலைப்பகுதிகளுக்கும் இதுவே பொருத்தமானது.

பூட்டு அவசியம்: மடக்குக் கத்தியால் ஏற்படக்கூடிய பெரிய ஆபத்து, பயன்படுத்தும்போதே அலகு மடங்கி விரல்களை வெட்டுவதாகும். எனவே, விரிந்த அலகை அசையாமல் நிறுத்தும் பூட்டுள்ள கத்தியே பாதுகாப்பானது. ஒப்பினெல் கத்தியில் 1955-ஆம் ஆண்டு முதல் சுழலும் உலோக வளையம் பூட்டாகச் செயல்படுகிறது. சுவிட்சர்லாந்து பாணியிலான சிறிய பலபயன் கத்திகள் பலவற்றில் அலகை நிறுத்துவது வில் அழுத்தம் மட்டுமே. அவற்றால் நறுக்கலாம், ஆனால் குத்தவோ, முனையை அழுத்தித் திருகவோ கூடாது.

பூட்டு இருப்பதாலேயே கத்தி எல்லா வேலைக்கும் ஏற்றதாகிவிடாது. கேரளத்தின் மாநிலப் பழமான பலாவைப் பிளப்பதும், தேங்காய் உடைப்பதும் வெட்டுக்கத்தி, அரிவாளின் வேலை. மடக்குக் கத்தியை அதற்குப் பயன்படுத்தினால் மெல்லிய விளிம்பு சிதறும், கீல் தளரும்.

கீலில் ஒளிந்திருக்கும் அழுக்கு: சமையலறைக் கத்தியில் இல்லாத ஒரு குறை மடக்குக் கத்தியில் உண்டு. அலகு மடங்கும் பள்ளத்திலும் கீலிலும் உணவுத் துணுக்குகள் தங்கி அழுகும். கண்ணுக்குத் தெரியாத இந்த அழுக்கு அடுத்த வேளை உணவில் கலக்கக்கூடும். எனவே பச்சை இறைச்சி, மீன் ஆகியவற்றுக்கு மடக்காத கத்தியே ஏற்றது. உட்புறம் திறந்த அமைப்புடைய பிடியைக் கழுவுவது எளிது. பயன்படுத்திய பின் அலகை விரித்த நிலையிலேயே சோப்பு நீரில் கழுவி, கீல் வரை நன்கு உலர்த்திய பிறகே மடக்க வேண்டும்.

கீலுக்கு எண்ணெய் இடும்போதும் கவனம் தேவை. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். மூணாறு போன்ற குளிர்ந்த ஊர்களில் அது கீலை இறுகச் செய்துவிடும். உணவுத் தரத்திலான கனிம எண்ணெய் ஒரு துளி போதும்.

தீட்டுவது எப்படி?: மழுங்கிய கத்திக்கு அதிக அழுத்தம் தேவைப்படும், அழுத்தம் கூடும்போது அலகு வழுக்கிக் கையில் படும். ஈரமாக்கிய தீட்டுக்கல்லில், பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி கோணத்தில் தீட்டினால் போதும். அதிவேகச் சாணைச் சக்கரத்தில் மெல்லிய விளிம்பு சூடேறித் தன் கடினத்தன்மையை இழக்கக்கூடும். தக்காளியின் தோல் அழுத்தமின்றி அறுபட்டால் கூர்மை சரியாக உள்ளது என்று பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது?: 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுடைய கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கென வடிவமைக்கப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. இங்குக் குறிப்பிடப்படும் 9 சென்டிமீட்டர் கத்தி அந்த அளவில் பாதியைக்கூட எட்டாது. எனினும், விமானத்தில் கைப்பையில் இதனைக் கொண்டுசெல்ல அனுமதியில்லை. ஒப்படைக்கும் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

வாங்கும் முன் சோதனை: கடையில் அலகை விரித்துப் பூட்டி, பக்கவாட்டில் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும், ஆட்டம் இருந்தால் தவிர்த்துவிடலாம். மடக்கிய நிலையில் விளிம்பும் முனையும் பிடிக்குள் முழுமையாக மறைந்திருக்க வேண்டும். ஈரக் கையிலும் வழுக்காத பிடி தேவை. இவையனைத்தும் சரியாக இருந்தால், இறுதியாக முதுகின் தடிமனைப் பார்த்து, இருப்பவற்றுள் மெல்லியதைத் தேர்ந்தெடுப்பதே நறுக்குவதற்கு உகந்தது.