இயர்போனுக்குத் தனி ஆம்ப்ளிஃபையர் வாங்கலாமா?

போன மாதம் படிவம் 4 மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் என் மேசையருகே வந்து நின்றார். கையில் கைப்பேசி. திரையில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கறுப்புப் பெட்டியின் படம். விலை 189 வெள்ளி.

"டீச்சர், இந்த ஆம்ப் வாங்குனா பாட்டு இன்னும் நல்லா கேக்குமா?"

அவருடைய இயர்போனின் விலை 60 வெள்ளி. பள்ளி விடுமுறையில் மாமாவின் கடையில் வேலை செய்து சேர்த்த பணத்தை வைத்திருந்தார். "நாளைக்குச் சொல்கிறேன், அதுவரை வாங்காதே" என்றேன். அன்று இரவு தாளில் போட்ட கணக்கைத்தான் இங்கே உங்களுக்கும் காட்டப் போகிறேன். இயற்பியல் பாடத்தில் மின்சாரத்தைத் தொட்டவர் யாரும் இதைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் கைப்பேசிக்குள் பாட்டு வெறும் எண்களாக இருக்கிறது. அந்த எண்களை மின் அலையாக மாற்ற ஒரு சில்லு வேண்டும். அந்தச் சிறிய அலைக்கு இயர்போனை அசைக்கும் வலிமை கொடுக்க ஆம்ப்ளிஃபையர், அதாவது பெருக்கி, வேண்டும். இரண்டுமே உங்களிடம் ஏற்கனவே இருக்கின்றன. கைப்பேசியில் 3.5 மில்லிமீட்டர் துளை இருந்தால் அவை உள்ளேயே இருக்கும். 2016-இல் வந்த ஐபோன் 7 முதல் பல கைப்பேசிகளில் அந்தத் துளை இல்லை. அவற்றில் செருகும் சின்ன வால் போன்ற டோங்கலுக்குள் அந்தச் சில்லும் பெருக்கியும் அடங்கியிருக்கின்றன. புளூடூத் இயர்போன் என்றால் பெருக்கி இயர்போனுக்குள்ளேயே இருக்கும். வெளிப் பெருக்கியை அதில் இணைக்கவே வழியில்லை. ஆகவே "பெருக்கி வேண்டுமா" என்பது சரியான கேள்வி அல்ல. இருக்கும் பெருக்கி போதாதா என்றுதான் கேட்க வேண்டும்.

இயர்போன் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று இம்பிடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு இயர்போன் காட்டும் தடை. ஓம் அலகில் இருக்கும். மற்றொன்று உணர்திறன், அதாவது 1 மில்லிவாட் திறன் கொடுத்தால் எத்தனை டெசிபல் ஒலி வரும் என்பது. அந்த மாணவரின் பெட்டியில் 16 ஓம், 105 டெசிபல் என்று இருந்தது.

இனி கணக்கு. சுகமாகப் பாட்டுக் கேட்க 75 டெசிபல் போதும். அது 105-ஐவிட 30 டெசிபல் குறைவு. ஒவ்வொரு 10 டெசிபலும் திறனில் பத்து மடங்கு. எனவே 30 டெசிபல் குறைய வேண்டுமானால் திறன் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். 1 மில்லிவாட்டில் ஆயிரத்தில் ஒன்று என்றால் 1 மைக்ரோவாட். ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! தவில் அடியும் டிரம்ஸும் சராசரியைவிடச் சட்டென்று 20 டெசிபல்வரை எகிறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நூறு மடங்கு திறன் வேண்டும். அப்போதும் 0.1 மில்லிவாட்தான்.

கைப்பேசியால் எவ்வளவு தர முடியும்? கைப்பேசிகளும் டோங்கல்களும் பொதுவாக அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட்வரை தரும். குறைந்ததையே எடுத்துக்கொள்வோம். திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் கிடைப்பது. 0.5 × 0.5 ÷ 16 = 0.0156 வாட், அதாவது 15.6 மில்லிவாட். நமக்குத் தேவைப்பட்ட 0.1 மில்லிவாட்டைப்போல 156 மடங்கு. முழு ஒலியில் வைத்தால் அந்த 60 வெள்ளி இயர்போன் 117 டெசிபலைத் தொட்டுவிடும். அது காதைக் கெடுக்கும் அளவு.

இவ்வளவு சிறிய திறனில் இவ்வளவு ஒலி எப்படி வருகிறது? அறையில் இருக்கும் ஒலிபெருக்கி அறை முழுவதிலும் உள்ள காற்றை அசைக்க வேண்டும். காதுக்குள் செருகும் இயர்போன் அசைக்க வேண்டியதோ, அடைபட்ட காதுக்குழாயில் இருக்கும் துளிக் காற்றை மட்டுமே.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. அதில் நம் பினாங்கும் வருகிறது. ஜுருவிலிருந்து பாலத்தைக் கடந்தால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. உங்கள் வீட்டிலேயே யாராவது அங்கே வேலை செய்யலாம். அங்கே தொழிற்சாலை நடத்திய நிறுவனங்களில் ஒன்று அமெரிக்காவின் நோல்ஸ். 1946-இல் ஹியூ நோல்ஸ் தொடங்கிய அந்த நிறுவனம், காது கேளாதோர் அணியும் செவித்துணைக் கருவிகளுக்கு மைக்ரோபோனும் குட்டி ஒலிப்பானும் செய்து பெயர் பெற்றது. அந்தக் குட்டி ஒலிப்பானுக்கு பேலன்ஸ்ட் ஆர்மேச்சர் என்று பெயர். இரண்டு காந்தங்களுக்கு நடுவே மெல்லிய உலோக நாக்கு ஒன்று எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் நாக்கு அசையும். அதோடு இணைந்த நுண்ணிய கம்பி ஒரு சவ்வை அசைக்கும்.

செவித்துணைக் கருவிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சட்டைப் பொத்தான் அளவுள்ள 1.4 வோல்ட் துத்தநாக-காற்று மின்கலத்திலிருந்து. அதை வைத்துக்கொண்டே நாள் கணக்கில் ஓட வேண்டும். ஆகவே அந்த ஒலிப்பானைத் தொடக்கத்திலிருந்தே மிகக் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யும்படி வடிவமைத்தார்கள். பிறகு அதே ஒலிப்பானை இசை கேட்கும் இயர்போனுக்குள் வைத்தார்கள். 1991-இல் எடிமோட்டிக் நிறுவனம் வெளியிட்ட இஆர்-4 அந்த வகையில் முன்னோடி. இன்று மேடையில் பாடகர்கள் காதில் செருகியிருப்பதும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். பொத்தான் மின்கலத்தில் ஓடப் பிறந்த ஒன்றுக்கு 189 வெள்ளியில் தனிப் பெருக்கி வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள். (மலிவான இயர்போன்களில் இருப்பது வேறு வகை; ஒலிபெருக்கியைப் போலவே சுருளும் சவ்வும் கொண்டது. அதற்கும் மேலே போட்ட கணக்கே பொருந்தும்.)

பெருக்கியே வீண் என்று நான் சொல்லவில்லை. சென்ஹைசர் எச்டி 600 போன்ற, காதை மூடும் பெரிய ஹெட்போன்களின் இம்பிடன்ஸ் 300 ஓம். அதே அரை வோல்ட்டைக் கொடுத்தால் 0.83 மில்லிவாட்தான் போகும்; 16 ஓம் இயர்போனுக்குப் போவதில் ஏறக்குறைய 19-இல் ஒரு பங்கு. ஒலி எகிறும் இடங்களில் கைப்பேசி திணறும். அங்கே நல்ல பெருக்கி பயன்படும். இயர்போன்களிலும் பிளேனர் வகையில் சிலவற்றுக்கு உணர்திறன் குறைவு. கூடுதல் திறன் கேட்கும். பெட்டியில் உள்ள எண்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மின்கலத்துக்கு அகமின்தடை உண்டு என்று படிவம் 5 இயற்பியலில் படிக்கிறீர்களே, அந்த 'ரிந்தாங்கான் டாலாம்', அது பெருக்கிக்கும் உண்டு. பல ஆர்மேச்சர்கள் கொண்ட இயர்போன்களில் இம்பிடன்ஸ் எல்லாச் சுருதிக்கும் ஒன்றாக இருக்காது. நடுச் சுருதியில் 32 ஓமும் உச்சச் சுருதியில் 8 ஓமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெருக்கியின் அகமின்தடை 10 ஓம் என்றால், நடுச் சுருதியில் மின்னழுத்தத்தின் 42-இல் 32 பங்கு இயர்போனுக்குப் போகும். உச்சத்திலோ 18-இல் 8 பங்குதான். உச்சச் சுருதி ஏறத்தாழ 4.7 டெசிபல் தணிந்துவிடும். பாட்டின் நிறமே மாறிப்போகும். அகமின்தடை 1 ஓம் என்றால் அந்த வேறுபாடு 1 டெசிபலுக்கும் குறைவு. ஆக, இயர்போனுக்குப் பெருக்கி வாங்குவதானால் பார்க்க வேண்டியது எத்தனை மில்லிவாட் என்பதை அல்ல. அகமின்தடை எவ்வளவு குறைவு, பின்னணியில் இரைச்சல் இல்லாமல் இருக்கிறதா என்பதையே. மிகுந்த உணர்திறன் கொண்ட இயர்போனில் வலிமையான பெருக்கியை மாட்டினால், பாட்டு நின்ற பிறகும் 'ஸ்ஸ்ஸ்' என்று மழை பெய்யும். பணம் கொடுத்து மழையை வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"ஆனா டீச்சர், என் கூட்டாளி ஆம்பில கேட்டேன், உண்மையிலயே நல்லா இருந்துச்சு" என்றார் மாணவர். அவர் பொய் சொல்லவில்லை. 1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மெல்லிய ஒலியில் நம் காதுக்குத் தாழ்ந்த சுருதிகள் சரியாகக் கேட்பதில்லை. ஒலி கூடக் கூட அவை எழுந்து வருகின்றன. எனவே ஒலியைக் கொஞ்சம் கூட்டினாலே பாட்டுக்குச் 'சதை போட்டது' போல் தோன்றும். கூட்டாளியின் பெருக்கி செய்தது பெரும்பாலும் அவ்வளவுதான்.

இதைச் சோதிக்கலாம். இயர்போனைக் காதிலிருந்து கழற்றிவிட்டு, 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிடுங்கள். துளையை இரண்டாகப் பிரிக்கும் கம்பி ஒன்றின் உதவியால், இயர்போன் இணைந்திருக்கும்போதே மாறுமின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் அளவிடுங்கள். பெருக்கி இல்லாமலும் பெருக்கியோடும் ஒரே அளவு வரும்வரை ஒலியைச் சரிசெய்யுங்கள். பிறகு கேட்பவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நண்பர் நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் பெருக்கி, தலை விழுந்தால் நேரடி என்று மாற்ற வேண்டும். மாற்றாத போதும் கம்பியைக் கழற்றி மாட்டுங்கள். இல்லாவிட்டால் 'டக்' என்ற சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். பத்து முறை செய்து பாருங்கள். ஒன்பதோ பத்தோ சரியாகச் சொன்னால் வேறுபாடு உண்மையாகவே கேட்கிறது எனலாம். குருட்டாம்போக்கில் அப்படி அமைய வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கூட்டாளியின் பெருக்கியை இரவல் வாங்கி இதைச் செய்தோம். மாணவர் பத்தில் ஆறு சொன்னார். முகம் கொஞ்சம் சுருங்கியது.

பிறகுதான் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "எங்கே பாட்டுக் கேட்பாய்?" பள்ளிப் பேருந்தில். காலையும் மாலையும் நெடுஞ்சாலை ஓரமாக, லாரிகளுக்கு நடுவே, பின் இருக்கையில், இஞ்சின் சத்தத்தின் மேல். இயர்போனின் ரப்பர் முனையோ அவர் காதுக்குச் சிறியது. காது சரியாக அடைபடாவிட்டால் தாழ்ந்த சுருதிகள் கசிந்துவிடும். வெளிச் சத்தம் உள்ளே வந்துவிடும். அதை வெல்ல அவர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். பெருக்கி வாங்கியிருந்தால் இன்னும் கூட்டியிருப்பார்.

எனக்குக் கவலை தந்தது அதுதான். 2019-இல் உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து ஒரு வரம்பு வகுத்தன. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். சிறுவர்களுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும். பெரியவர்களுக்கான வரம்பையே எடுத்தாலும் 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி. 100 டெசிபலை எட்டும்போது வாரத்துக்கு இருபது நிமிடம்தான். உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. செத்தவை மீண்டும் முளைப்பதில்லை.

சற்றுப் பெரிய, பஞ்சு போன்ற நுரை முனைகளை வாங்கிப் பார்க்கச் சொன்னேன். விரலால் உருட்டிச் சுருக்கிச் செருகினால் காதுக்குள் விரிந்து அடைத்துக்கொள்ளும். நன்றாகப் பொருந்தினால் வெளிச் சத்தத்தை 20 டெசிபல் அளவுக்குக்கூடக் குறைக்கும். (சாலையில் நடக்கும்போதும் சைக்கிள் ஓட்டும்போதும் கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள், லாரியின் ஹார்னும் அதே 20 டெசிபல் குறைந்துதான் கேட்கும்.)

இரண்டு வாரம் கழித்து வந்தார். முன்பு பேருந்தில் கைப்பேசியின் ஒலியளவை 15 படிகளில் 14-இல் வைப்பாராம். இப்போது 8 போதுமாம், பேஸும் நன்றாகக் கேட்கிறதாம். முனைகளுக்கு ஆன செலவு 25 வெள்ளி. மீதிப் பணம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்து நீட்டினார்.

"டீச்சர், இந்தக் கீபோர்டு எப்படி?"