செல்ல நாய்க்குச் சிராய்ப்பா? காபித்தூள் டப்பாவை மூடுங்க... முதல்ல இதைச் செய்யுங்க!

அன்று இரவு கேட் திறந்திருந்த நேரத்தில் வெளியே ஓடிய எங்கள் வீட்டு செவலை, அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து முன்னங்காலை நக்கிக்கொண்டே இருந்தான். குனிந்து பார்த்தால், தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. எதிர் மனையின் கம்பி வேலி கிழித்திருக்கும் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம்.

பாட்டி மஞ்சள்தூளோடு வந்தார். அப்பா காபித்தூள் டப்பாவோடு வந்தார். நான் அவர்களைவிடப் பெரிய தப்பைச் செய்தேன். பாத்ரூமில் இருந்த கிருமிநாசினியைத் தண்ணீர்கூடக் கலக்காமல் பஞ்சில் நனைத்து வைத்தேன். வீல் என்று கத்தியவன், என் கையைக் கவ்விவிட்டான். நல்லவேளை, பல் பதியவில்லை.

மறுநாள் கால்நடை மருத்துவர் முடியை விலக்கிப் பார்த்தபோதுதான் விஷயமே தெரிந்தது. சிராய்ப்புக்கு இரண்டு விரற்கடை மேலே, முடிக்குள் பல் பதிந்த இரண்டு துளைகள்! வேறொரு நாய் கடித்திருக்கிறது. செவலைக்கு ரேபிஸ் தடுப்பூசி மீண்டும் போடப்பட்டது. வெறுங்கையால் காயத்தைத் தொட்ட நானும் மருத்துவமனைக்கு ஓடினேன்.

சின்னச் சிராய்ப்புக்கு வீட்டிலேயே முதலுதவி செய்யலாம். ஆனால், அது சின்னச் சிராய்ப்புதானா என்று பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும். எப்படி?

முதலில் உங்கள் கை பத்திரம்

வலியில் இருக்கும் நாய், வளர்த்தவரையும் கடிக்கும். அது கோபமல்ல, பயம். ஒருவர் தலையை அணைத்துப் பிடித்துப் பேச்சுக் கொடுக்க, இன்னொருவர் காயத்தைப் பார்ப்பது நல்லது. திமிறினால், பருத்தித் துணியை மூக்கின் மேல் ஒரு சுற்று சுற்றி, தாடைக்குக் கீழே கொண்டுவந்து, காதுகளுக்குப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும், வாந்தி எடுக்கும் அல்லது மூச்சு வாங்கும் நாய்களுக்கும் இப்படிக் கட்டவே கூடாது. கையுறை கட்டாயம். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ரத்தம் வந்தால்...

சுத்தமான துணியை மடித்து வைத்து, 5 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால், உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி கசியும். நகம் உடைந்து ரத்தம் வந்தால், நகத்தின் நுனியில் சோள மாவை அழுத்திப் பிடிக்கலாம்.

கழுவுவதுதான் பாதி வைத்தியம்

அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, முக்கால் டீஸ்பூன் தூள் உப்பு கலந்து வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, மண்ணும் முடியும் போகும்வரை காயத்தின் மேல் பீய்ச்சுங்கள். பஞ்சைப் போட்டுத் தேய்த்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், காஸ் துணியே நல்லது.

பிறகு, மெடிக்கலில் கிடைக்கும் போவிடோன் அயோடின் திரவத்தை, பால் ஊற்றாத லைட் டீயின் நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து ஒற்றி எடுங்கள். நாளைக்கு இரண்டு முறை போதும். சாதாரண சிராய்ப்புக்குக் கட்டுப் போட வேண்டியதில்லை. இறுக்கிக் கட்டினால் கால் வீங்கிவிடும்.

நக்கினால் ஆறிடுமா?

ஆறாது. வாயில் இருக்கும் கிருமிகள் காயத்துக்குள் போகும். சொரசொரப்பான நாக்கு, ஆறிவரும் தோலை மீண்டும் மீண்டும் உரித்துவிடும். கழுத்தில் மாட்டும் கூம்பு காலர்தான் தீர்வு. முதல் நாள் சுவரில் முட்டிக்கொண்டு முறைப்பான், அப்புறம் பழகிவிடுவான்.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

* காபித்தூள்: நக்கினால் கஃபைன் உள்ளே போகும். அது நாய்களுக்கு நஞ்சு.
* மஞ்சள்தூள்: காயத்தில் அடையாக ஒட்டி அழுக்கைப் பிடித்து வைக்கும். உள்ளே சிவந்திருக்கிறதா, சீழ் பிடித்திருக்கிறதா என்பதும் தெரியாது.
* ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, பாத்ரூம் கிருமிநாசினி, மண்ணெண்ணெய்: கிருமியோடு சேர்த்து நல்ல திசுவையும் பாதிக்கும்.
* நம் வீட்டுக் களிம்புகள்: ஸ்டீராய்டு, துத்தநாகம் கலந்தவை நக்கினால் ஆபத்து.
* வலி மாத்திரை: பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் கொடுக்காதீர்கள். கல்லீரல், சிறுநீரகம், இரைப்பை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

* 10 நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால்.
* தோல் பிளந்து சதை தெரிந்தால். கண், வாய், பிறப்புறுப்புக்கு அருகில் காயம் என்றால்.
* இரண்டு நாளில் வீக்கம் குறையாமல் சீழ், துர்நாற்றம், நொண்டல், சாப்பாடு வேண்டாம் என்ற சோர்வு இருந்தால்.
* காயத்தில் ஈ மொய்த்தால். முட்டைகள் ஒரே நாளில் புழுவாகிவிடும். காதுக்குப் பின்னாலும் வாலுக்கு அடியிலும் தினமும் பாருங்கள்.
* கடித்த தடம் இருந்தால். பல் துளை வெளியே கடுகளவு இருக்கும், உள்ளே ஆழமாகக் கிழிந்திருக்கும்.

கடைசி விஷயத்தில் அலட்சியமே கூடாது. ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டிருந்தாலும், வேறு நாய் கடித்தால் உடனே மருத்துவரிடம் காட்டி மறுதவணை ஊசி போட வேண்டும். காயத்தை வெறுங்கையால் தொட்டிருந்தால், சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கையைக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அறிகுறிக்கு முன்பே ஊசி போட்டால் தடுத்துவிடலாம். அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தின் முகவரியையும் நேரத்தையும் இப்போதே போனில் குறித்துவைத்துக் கொள்ளுங்கள். சென்னைவாசிகளுக்கு வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

செவலையின் கால் ஆறிவிட்டது. எங்கள் வீட்டு அலமாரியில் இப்போது காஸ் துணி, போவிடோன் அயோடின், சிரிஞ்ச், கையுறை, அவனுடைய தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரே டப்பாவில் இருக்கின்றன. வெளியே போய்விட்டு வந்தால், இப்போதெல்லாம் தலையிலிருந்து வால்வரை முடியை விலக்கிப் பார்க்கிறேன். கொஞ்சுகிறேன் என்று நினைத்து அவன் புரண்டு படுத்துக்கொள்கிறான்!