எலும்பில் குடியேறும் ஈயம்

சூரிய மின்தகடு ஒன்றுக்குள் எலும்புத் தாதுவை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், பிரிட்டனின் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். நம் எலும்புக்கு உறுதி தரும் ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட்டை மிக நுண்ணிய துகள்களாக்கி, மின்கலத்தின் அடுக்கிலேயே கலந்தார்கள். பெராவ்ஸ்கைட் என்ற அந்தப் புதுவகை மின்கலத்தில் ஈயம் உண்டு. தகடு விரிசல் விட்டு மழைத் தண்ணீர் இறங்கினால் ஈயம் கரைந்து வெளியே வந்துவிடும். அதை வழியிலேயே மடக்கிப் பிடிக்கத்தான் எலும்புத் தாது. சோதனையில் அது ஈயத்தைப் பிடித்தும் காட்டியது.

நல்ல செய்திதான். ஆனால், தகட்டுக்குள் இருக்கும் துகளுக்கு ஈயத்தின் மேல் இவ்வளவு ஈர்ப்பு என்றால், பழனி மலையில் கல்பாசி எடுக்க மரம் ஏறுகிறவரின் கால் எலும்புக்கும் அதே ஈர்ப்பு இருக்கிறது. அந்த எலும்பிலும் இருப்பது இதே தாது. மலைக்கு வரும் சூரிய மின்சாரத்தைப் பற்றி எழுதவேண்டிய இந்தக் கட்டுரை எலும்பிலேயே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

அந்த மலையில் இருக்கும் கொடைக்கானலையும் சூரியனையும் சேர்த்துப் பேசினால், 1901 முதல் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வான் ஆய்வகமும், 1909-இல் அங்கே கண்டறிந்த, சூரியப் புள்ளிகளில் வாயு பாய்வதைச் சொல்லும் எவர்ஷெட் விளைவும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அவற்றைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. இப்போது கவனிக்க வேண்டியது வீட்டுக் கூரைகளை. 2011-இல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் தமிழகம் முழுக்க 300 சதுர அடி வீடுகளும், வீட்டுக்கு ஐந்து சி.எஃப்.எல். விளக்குகள் எரிய ஒரு சூரிய மின்தகடும் வந்தன. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் கூரைத் திட்டம் ஒரு கோடி வீடுகளைக் குறிவைக்கிறது; மானியம் 78,000 ரூபாய் வரை. தங்கும் விடுதி, பண்ணை வீடு, தெருவிளக்கு, காட்டுமாடு வராமல் தடுக்கும் சோலார் வேலி என்று மலையில் இதன் தேவை கூடிக்கொண்டேதான் போகும்.

இப்படிச் சூரிய மின்சாரம் பெருகும் அதே மலையில் அடிபடுவதும் எலும்பு முறிவதும் அன்றாடம்தான். மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் சில்வர் ஓக் மரத்தில் ஏறுகிறார்கள். தேன் எடுக்கப் பாறையில் இறங்குகிறார்கள். மழை பெய்து வழுக்கும் பூண்டுக் காட்டுச் சரிவில் மூட்டையோடு நடக்கிறார்கள். இப்போது மலைப்பாதையில் பைக் விபத்துகளும் சேர்ந்துவிட்டன. வண்டிப் பாதையே இல்லாமல் பல தலைமுறை வாழ்ந்த வெள்ளகவி போன்ற ஊர்களில் கால் முறிந்தவரை டோலி கட்டித்தான் தூக்கி வந்தார்கள். பெரிய முறிவென்றால் மலையிறங்கித் தேனிக்கோ மதுரைக்கோ போகவேண்டும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு நாட்டுக் கட்டு இருக்கிறது. வைத்தியர் முதலில் விரலால் தடவித் தடவி முறிவின் இடத்தைத் தேடுவார். இருவர் காலை இழுத்துப் பிடிக்க, எலும்பை ஓர் அழுத்தில் சேர்ப்பார். உளுத்தம்மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துத் துணியில் தடவிச் சுற்றி, அதன்மேல் சீவிய மூங்கில் தப்பைகளை வரிசையாக வைத்து இறுக்கிக் கட்டுவார். மா காய்ந்ததும் கட்டு கல்லாகிவிடும். இறுக்கம் மிஞ்சினால் ரத்த ஓட்டம் நின்று காலே அழுகிப்போகும் என்று எலும்பு மருத்துவர்கள் எச்சரிப்பது நூற்றுக்கு நூறு உண்மை. பிறகு பிரண்டைத் துவையல், ஆட்டுக்கால் சூப், ஒன்றிரண்டு மாதப் படுக்கை.

நான் பயப்படுவது அந்தப் படுக்கைக் காலத்தை நினைத்துத்தான். வளர்ந்த ஒருவரின் உடலில் சேரும் ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில்தான் போய்த் தங்குகிறது. கால்சியத்துக்கான இடத்தில் ஈயம் உட்கார்ந்துகொள்கிறது. ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். எலும்பில் இருப்பது அப்படிக் குறைய 20, 30 ஆண்டுகள் ஆகலாம். அதுவரை சும்மா கிடக்கும் என்றும் நம்ப முடியாது. எலும்பு கரையும்போதெல்லாம் ஈயம் ரத்தத்துக்குத் திரும்புகிறது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு எலும்பிலிருந்து கால்சியம் கொடுக்கும் தாய், ஈயத்தையும் சேர்த்தே கொடுக்கிறாள். மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பு தேயும்போதும் இது நடக்கும். எலும்பு முறிந்து அசையாமல் கிடக்கும்போது ரத்தத்தில் ஈயம் திடீரென ஏறியதை மருத்துவ இதழ்களே பதிவு செய்திருக்கின்றன. அது மட்டுமில்லை, முறிந்த எலும்பு கூடுவதையே ஈயம் தாமதப்படுத்துகிறது என்று அமெரிக்காவில் சுண்டெலிகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2005-இல் காட்டியது.

மூட்டுக்கும் இது பொருந்தும். சதைக்குள் ஆழமாகப் புதைந்த ஈயக் குண்டை மருத்துவர்கள் பல நேரம் எடுக்காமலே விட்டுவிடுவார்கள். அதே குண்டு முழங்கால் மூட்டுக்குள் இருந்தால் விடமாட்டார்கள். மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவம் ஈயத்தை மெல்ல மெல்லக் கரைத்து ரத்தத்தில் சேர்த்துவிடும். குண்டு பாய்ந்து பல வருடம் கழித்துக்கூட ஆளுக்கு ஈய நஞ்சு ஏறலாம்.

சூரிய மின்கலத்துக்கும் எலும்பு சிகிச்சைக்கும் நல்ல உறவும் ஒன்று உண்டு. ஸ்வீடனில் 1950-களில் முயலின் கால் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கூடு, எலும்போடு ஒட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் போனது. இன்று முறிந்த எலும்புக்கும் டைட்டானியத் தகடுகளையும் திருகுகளையும் வைக்கிறார்கள். டைட்டானியத்தின் மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலத்தை எலும்பு ஏற்றுக்கொள்கிறது. பெராவ்ஸ்கைட் மின்கலங்கள் பலவற்றில் எலக்ட்ரான்களைக் கடத்தும் அடுக்கும் அதே டைட்டானியம் ஆக்சைடுதான். அதன் மூலத்தாது நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கிறது.

2009-இல் ஜப்பானில் முதல் பெராவ்ஸ்கைட் மின்கலம் செய்தபோது அது ஒளியில் 3.8 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. இன்று ஆய்வகத்தில் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சிலிக்கானோடு அடுக்கினால் இன்னும் மேலே போகிறது. மேகமூட்டத்திலும் ஓரளவு வேலை செய்யும், எடையும் குறைவு என்பதால் மலைக்கு ஏற்றது என்று சொல்லித்தான் இது வரும். ஒரு சதுர மீட்டர் பெராவ்ஸ்கைட் அடுக்கில் ஈயம் ஒரு கிராமுக்கும் குறைவு. அந்த மின்சாரத்தைச் சேமிக்க வீட்டுக்குள் வைக்கும் 150 ஏ.ஹெச். லெட்-ஆசிட் பேட்டரியிலோ 25 கிலோவுக்குக் குறையாத ஈயம் இருக்கும். இன்று கூரையில் இருக்கும் சிலிக்கான் தகடு 25 ஆண்டு உழைக்கும். படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் பேட்டரி நாலைந்து வருடத்தில் செத்துவிடும்.

செத்த பேட்டரி எங்கே போகிறது? "பழைய இரும்பு, ஈயம், பித்தளை, பேட்டரி" என்று கூவிக்கொண்டு வரும் வண்டிக்கு. தராசில் ஏறும், கிலோவுக்கு இத்தனை என்று காசு கைமாறும். அது முறையான மறுசுழற்சி ஆலைக்குப் போனால் நல்லது. வழியில் யாராவது பெட்டியைப் பிளந்து, ஆசிடை மண்ணில் கவிழ்த்து, தகடுகளை உருவி எடுத்தால் அந்த இடத்துப் புழுதியே ஈயம். அதில் விளையாடும் பிள்ளை கையை வாயில் வைத்தால் போதும். ரத்தத்தில் இவ்வளவு வரை ஈயம் இருக்கலாம் என்று சொல்லும்படியான பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் சுமார் 27.5 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கலாம் என்று 2020-இல் யுனிசெஃப் அறிக்கை மதிப்பிட்டது.

கொடைக்கானலுக்குக் காயலான் கடையின் பாடத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் இருந்த ஒரு காயலான் கடையில்தான் பாதரசம் ஒட்டிய தெர்மாமீட்டர் கண்ணாடி டன் கணக்கில் கிடந்தது வெளியே தெரிந்தது. பிறகு நடந்தவை ஊரறிந்தவை: அந்தக் கண்ணாடி வந்த தெர்மாமீட்டர் ஆலையின் மூடல், 2003-இல் கழிவைக் கப்பலேற்றியது, தொழிலாளர்களின் நீண்ட போராட்டம், பாம்பாறு சோலையை ஒட்டிய மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற வாதம். அந்தச் சோலைத் தண்ணீர் கும்பக்கரை வழியாகக் கீழே இறங்குகிறது. அந்த ஆலையும் மலைக்கு வேலை தர வந்தது என்றுதான் வரவேற்றார்கள். உள்ளே நடந்ததை யாரும் பார்க்கவில்லை. கடைசியில் எடைக்குப் போட்ட இடத்தில்தான் உண்மை தெரிந்தது.

ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கணக்குப் போட்டால் நிலக்கரிச் சாம்பலில் போகும் கன உலோகம்தான் அதிகம் என்று சூரிய மின்துறையினர் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சாம்பல் பூம்பாறையிலோ மன்னவனூரிலோ கொட்டப்படுவதில்லை. பேட்டரி அங்கே வீட்டுக்குள் இருக்கிறது. உலோகம் எலும்பை என்ன செய்யும் என்பதை ஜப்பானில் பார்த்தார்கள். அங்கே ஜின்சு ஆற்றங்கரையில் காட்மியம் கலந்த நீரில் விளைந்த அரிசியைத் தின்றவர்களுக்கு எலும்பு மெலிந்து, இருமினாலே விலா முறிந்தது. 1968-இல்தான் அரசு அதை மாசு நோய் என்று ஒப்புக்கொண்டது. சுரங்கம் காட்மியத்தை ஆற்றில் விட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. எலும்பைக் கெடுக்கும் உலோகம் இப்படித்தான் தாமதமாகக் கண்ணில் படும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள், செத்த பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைக்கின்றன. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், சூரிய மின்தகட்டுக் கழிவை 2034-35 வரை தயாரிப்பாளர்கள் சேமித்து வைக்கவேண்டும் என்கின்றன. ஆனால் கவுஞ்சியில் ஒரு வீட்டுக்காரர் செத்த பேட்டரியை மலையிறக்கி வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோக ஆகும் வண்டி வாடகையை இந்த விதிகளில் யார் தருவது? வாசலுக்கே வரும் காயலான் வண்டி காசும் கொடுக்கிறது. பேட்டரியை மேலே ஏற்றும் ஒப்பந்தத்திலேயே கீழே இறக்கும் கூலியையும் எழுதவேண்டும். அந்தக் கூலி காயலான் வண்டி கொடுப்பதைவிட ஒரு ரூபாயாவது கூடுதலாக வீட்டுக்காரர் கைக்குப் போகவேண்டும். மலை ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனையோடு ஈயத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். முறிவோடு வருகிறவரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கும்போது, வீட்டில் பேட்டரி உடைக்கிறீர்களா என்றும் கேட்கவேண்டும்.

2012-இல் பசுமை வீட்டுக் கூரையில் ஏறிய தகட்டுக்கு 2037-இல் 25 வயது முடியும். அதற்குள் அதே வீட்டில் குறைந்தது ஐந்து பேட்டரியாவது செத்திருக்கும். அவற்றில் முதல் இரண்டு இந்நேரம் எந்தத் தராசில் ஏறின என்று உள்ளாட்சி அமைப்புகள் இந்த வருடமே வீடு வீடாகக் கேட்டு எழுத ஆரம்பிக்கலாம்.