சொன்ன சொல்லும் நீட்டிய கையும்

திருவனந்தபுரம் நகருக்கு வடக்கே கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள கழக்கூட்டம், ஒரு காலத்தில் திருவிதாங்கூர் அரசை எதிர்த்து நின்ற எட்டுவீட்டுப் பிள்ளைமாரில் ஒருவரான கழக்கூட்டத்துப் பிள்ளையின் பெயரோடு சேர்த்தே நினைக்கப்பட்டு வந்த ஊர். 1990-ஆம் ஆண்டில் டெக்னோபார்க் என்னும் தொழில்நுட்பப் பூங்கா இங்கே ஸ்தாபிக்கப்பட்ட பின்னர், கேரளத்தின் எல்லா ஜில்லாக்களிலிருந்தும் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து தங்கிப் பணிபுரியும் ஸ்தலமாக அது மாறிற்று. வேலை முடிந்த இரவுகளிலும் ஓண விடுமுறையிலும் இத்தகையவர்கள் கூடும் அறைகளில் சீட்டுக்கட்டு பிரிக்கப்படுவது இயல்பு. மலையாள நாட்டில் பெருவழக்கான இருபத்தெட்டும் ஐம்பத்தாறும் ஒருபுறம், அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய போக்கர் மறுபுறம் என ஆட்டங்கள் வேறுபட்டாலும், ஆட்டத்தின் நடுவே எழும் விவகாரம் பெரும்பாலும் ஒரே தன்மையது. "நான் அப்படிச் சொல்ல நினைக்கவில்லை" என்கிறார் ஒருவர், "நினைத்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? சொன்னது காதில் விழுந்தது" என்கிறார் மற்றவர். இந்த இருவரில் யார் பக்கம் நியாயம் நிற்கிறது என்னும் கேள்வி அற்பமானதாகத் தோன்றினும், நாளெல்லாம் சேர்ந்து உழைக்கும் சிநேகிதர்களை ஓர் இரவில் பிரித்துவிடும் வல்லமை அதற்கு உண்டாதலால், அதைச் சற்று நிதானமாக ஆராய்வது தகும்.

முதலில் நம் அருகிலுள்ள ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இருபத்தெட்டு என்பது நால்வர் இரு கட்சியாகப் பிரிந்து 32 சீட்டுகளை வைத்து ஆடுவது. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என ஓர் இனத்துக்கு 7 மதிப்பாக, நான்கு இனங்களுக்கும் 28 மதிப்பு வருவதனால் அதற்கு அந்தப் பெயர். யாழ்ப்பாணத் தமிழர் ஆடிவரும் முந்நூற்றிநான்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. முதல் நான்கு சீட்டுகள் கைக்கு வந்தவுடனே ஏலக் கேள்வி தொடங்கும். அதிகம் கேட்டவர் துருப்பு இனத்துச் சீட்டொன்றைத் தேர்ந்து கவிழ்த்து வைப்பார். முதலில் இறக்கப்பட்ட இனம் கையில் இல்லாத ஒருவர் திறக்கச் சொல்லும்வரை அந்தத் துருப்பு மறைந்தே இருக்கும். ஐம்பத்தாறில் அறுவர் மூன்று மூன்று பேராகப் பிரிந்து, இரண்டு கட்டுகளிலிருந்து எடுத்த 48 சீட்டுகளால் ஆடுகின்றனர். அதில் கேள்வி கேட்பதே ஒரு சாஸ்திரம் போன்றது. எண்ணை முன்னே சொல்லி இனத்தைப் பின்னே சொல்வதற்கும், இனத்தை முன்னே சொல்லி எண்ணைப் பின்னே சொல்வதற்கும் வெவ்வேறு பொருள் கற்பிக்கப்பட்டிருப்பதனால், சொற்களின் வரிசை மாறினாலே கூட்டாளி உங்கள் கையைப் பற்றித் தவறான முடிவுக்கு வந்துவிடுவார்.

இந்த இடத்தில்தான் மரியாதையின் இலக்கணம் ஆரம்பமாகிறது. சொற்களின் வரிசையால் சேதி சொல்வது எல்லாரும் அறிந்து ஒப்புக்கொண்ட முறையாதலால் அது நேர்மையானது. ஆனால் குரலை இழுத்துச் சொல்வதாலும், புருவத்தை நெரிப்பதாலும், சீட்டைச் சற்றே அழுத்தி எறிவதாலும் கூட்டாளிக்கு மட்டும் விளங்கும்படி சேதி சொல்வது கள்ள ஆட்டம். துருப்பைத் திறக்கச் சொல்வதும் அப்படியே. "துருப்பு…" என்று ஒருவர் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, சீட்டு கவிழ்ந்தபடியே இருக்க வேறு எண்ணம் கொண்டு, "நான் யோசித்துக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை" என்று பின்வாங்குவாராயின், அந்த அரைச் சொல்லிலிருந்தே எதிர்க்கட்சிக்கும் கூட்டாளிக்கும் அவருடைய கையில் முதலில் இறக்கப்பட்ட இனம் இல்லை என்பது தெரிந்துவிட்டது; தெரிந்ததைத் தெரியாததாக்க எந்த மத்தியஸ்தராலும் முடியாது.

போக்கரில் இந்தச் சங்கடம் இன்னும் கூர்மையாகிறது. பரவலாக ஆடப்படும் டெக்ஸாஸ் ஹோல்டெம் என்னும் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகவும், எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் மேஜைமேல் வெளிப்படையாகவும் வருகின்றன. இடையிடையே நான்கு சுற்றுகளில் பணயம் வைக்கப்படுகிறது. ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது பணயம் இல்லையேல் 'செக்' என்று விட்டுவிடலாம், வைக்கலாம். முன்னவர் வைத்ததற்கு 'கால்' என்று ஈடு கட்டலாம், 'ரைஸ்' என்று உயர்த்தலாம், 'ஃபோல்டு' என்று விலகலாம். நல்ல சீட்டு இல்லாதவரும் உறுதியான தோற்றத்தால் எதிரியை விலகச் செய்து வெல்லக்கூடும் என்பதால், எதிரியின் ஒவ்வொரு சொல்லும் அசைவும் இங்கே படிக்கப்படுகிறது. 2001-ஆம் ஆண்டில் மாட் ஸாவேஜ் முதலிய போட்டி நடத்துநர்கள் ஒரு சங்கமாகக் கூடி, இடத்துக்கு இடம் மாறிக்கிடந்த வழக்கங்களை ஒழுங்குபடுத்தி எழுதத் தொடங்கினார்கள்; அந்த விதிகளைப் படித்தால், மனித சுபாவத்தை நெடுநாள் கவனித்தவர்கள் செய்த நிர்ணயங்கள் அவை என்பது புலனாகும்.

உதாரணமாக, ஒருவர் 200 பணயம் வைத்திருக்கிறார். அடுத்தவர் ஒன்றும் சொல்லாமல் 200-க்கு உரிய சிப்புகளை, அதாவது பணய வில்லைகளை, முன்னே தள்ளிவிட்டு, மறுபடியும் தம் குவியலுக்குக் கையைக் கொண்டுபோய் இன்னும் 400 எடுத்து வைக்கிறார். உயர்த்தவேண்டும் என்பதே தமது ஆதி உத்தேசம் என்று அவர் சத்தியம் செய்தாலும் முதல் தள்ளலே செல்லும்; அவர் ஈடு கட்டியவராகவே கருதப்படுவார். முதல் 200 விழுந்தவுடன் எதிரியின் முகம் மலர்கிறதா, வாடுகிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு வைப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் வசதி அவருக்குக் கிடைத்துவிடும் என்பதே இதற்குக் காரணம். முன்னதாகவே 'ரைஸ்' என்று சொல்லித் தொகையையும் சொல்லியிருந்தால், எத்தனை முறை கையை நீட்டி எடுத்து வைத்தாலும் ஆட்சேபம் இல்லை. அவ்வாறே, 100 பணயத்துக்கு எதிரே ஒருவர் மௌனமாக ஒரே ஒரு 500 சிப்பைப் போட்டால் அது ஈடு கட்டியதாகும். மீதி 400 அவருக்குத் திரும்பும். சில்லறை இல்லாமல் பெரிய சிப்பைப் போட்டவரையும், உயர்த்த எண்ணிப் போட்டவரையும் வெளித்தோற்றத்தால் பிரித்தறிய வழியில்லாமையால், உயர்த்த விரும்புகிறவர் வாய் திறந்து சொல்லட்டும் என்பது விதி.

'ஐந்து' என்னும் ஒரு சொல்லால் விளையும் குழப்பத்தையும் அந்த நடத்துநர்கள் யோசித்திருக்கிறார்கள். சிப்புகளில் ஐந்நூறும் உண்டு, ஐயாயிரமும் உண்டு. ஒருவர் "ஐந்து" என்று மட்டும் சொன்னால் எதைக் கொள்வது? அப்போது நடுவிலே சேர்ந்திருக்கும் பணயத் தொகையைப் பார்க்கவேண்டும்; அந்தத் தொகைக்கு மிகாததாகவும், பொருந்தும் பொருள்களில் மிகப் பெரியதாகவும் உள்ளதைக் கொள்ளவேண்டும். நடுவில் 5,000-க்குக் குறைவாக இருந்தால் அவர் சொன்னது 500. 5,000-ஓ அதற்கு மேலோ இருந்தால் 5,000. பேசியவருடைய மனத்தைத் துருவாமல், பேச்சு நிகழ்ந்த சந்தர்ப்பத்தைக் கொண்டே பொருளை நிர்ணயிக்கும் இந்த முறை, கோவில் மேடையிலிருந்து நீதிமன்றம் வரையில் எங்கும் பின்பற்றத்தக்க விவேகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேட்பவருக்கும் கடமை உண்டு. ஒருவர் சிப்புகளைத் தள்ளுகிறார். எவ்வளவு என்று கேட்டதற்கு மேஜையில் யாரோ 2,900 என்கிறார்கள். எதிரி 'கால்' என்கிறார். எண்ணிப் பார்க்கையில் 3,900 இருக்கிறது. பிறர் சொன்ன எண்ணை நம்பினேன் என்பது பொதுவாக எடுபடாது. முன்னே கிடக்கும் குவியலைத் தாமே பார்த்து அறிந்துகொள்ளவேண்டியவர் ஈடு கட்டுகிறவரே. முறை தவறிப் பேசியவர் விஷயத்திலோ விதி சற்று நெகிழ்கிறது. தம் முறை வருமுன் ஒருவர் உயர்த்திவிட்டால், ஆட்டம் உரியவரிடம் திரும்பும். இடையிலுள்ளவர்கள் விட்டுவிடவோ, விலகவோ, வெறுமனே ஈடு கட்டவோ செய்தால் அவருடைய சொல் அவரைக் கட்டும். இடையில் ஒருவர் பணயத்தை மாற்றிவிட்டால் அவர் விடுபட்டுப் புதிதாக முடிவு செய்யலாம். நிலைமை மாறாதிருக்கச் சொல்லும் மாறாது, நிலைமை மாறினால் சொல்லைப் பற்றி நிற்கச் சொல்வது அநியாயம் என்னும் தர்மம் இதில் அடங்கியிருக்கிறது. யோசனையில் ஆழ்ந்தவர் விரலால் மேஜையைத் தட்டுவதும் 'செக்' என்னும் சைகையாகவே கொள்ளப்படுமாதலால், விரலுக்கும் அடக்கம் வேண்டும்.

இவ்வளவு கடுமை அவசியந்தானா, உண்மையாகவே கை தவறியவனையும் தந்திரக்காரனையும் ஒரே தட்டில் நிறுப்பது முறையா என்று கேட்போர் உண்டு. இந்தக் கேள்விக்கு மிக நுட்பமான விடை அளித்திருப்பது பிரிட்ஜ் ஆட்டம். போட்டி பிரிட்ஜின் சட்டங்களில் 25-ஆவது விதி, நாக்குப் பிசகியோ கை பிசகியோ வந்த அறிவிப்பை, கூட்டாளி அடுத்த அறிவிப்பைச் செய்யுமுன், இடையே யோசனைக்கு இடம் கொடாமல் உடனே திருத்திக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால் கவனம் சிதறியதாலோ மனம் மாறியதாலோ திருத்துவதை அனுமதிப்பதில்லை. கை பிசகுவது வேறு, மனம் மாறுவது வேறு என்று பிரித்த இந்த வேறுபாடு பெரிது. அதைத் தீர்மானிக்கும்போதும் மத்தியஸ்தர் அந்தரங்கத்தை மட்டும் நம்புவதில்லை. எவ்வளவு விரைவில் திருத்த முயன்றார், இடையே என்ன கண்டார் என்னும் வெளி அடையாளங்களையும் நோக்குகிறார். போக்கர் நடத்துநர் சங்கமும் தன் முதல் விதியிலேயே ஆட்டத்தின் நன்மையையும் நேர்மையையும் தலைமையாக வைத்து, விதியின் எழுத்து அநியாயத்துக்குத் துணைபோகும் அபூர்வ சந்தர்ப்பத்தில் எழுத்தை விட்டு நியாயத்தைப் பற்றும் அதிகாரத்தை மத்தியஸ்தருக்கு அளித்திருக்கிறது.

இதில் நம் நாட்டுச் சட்டத்தின் நிலையும் அறியத்தக்கது. ஏலத்தில் கேட்டவர், ஏலம் விடுகிறவர் சுத்தியலைத் தட்டி முடிக்கும்வரை தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம் என்று 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64-ஆம் பிரிவில் கூறுகிறது. சீட்டு மேஜையில் கேட்டவருக்கோ அந்தச் சலுகை இல்லை. சரக்குக்குக் கேட்பவர் பின்வாங்கினால் வேறொருவர் வாங்குவார். சீட்டுக்குக் கேட்டவர் பின்வாங்கினால் அவருடைய மறைவான கையின் செய்தி அம்பலமாகி எல்லாருடைய ஆட்டமும் கெடுகிறது. அதற்கும் மேலாக, 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 30-ஆம் பிரிவு, பந்தய உடன்படிக்கைகளைச் செல்லாதவை என்கிறது. மேஜையில் சொன்ன சொல்லை நிறைவேற்றித்தரும்படி எந்த நீதிமன்றத்தின் படியையும் மிதிக்க இயலாதென்றால், அந்தச் சொல்லைக் காப்பதற்கு ஆடுவோரின் மானமும் மரியாதையும் தவிர வேறு காவல் இல்லை.

ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடப்படுவது என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் தீர்ப்பளித்ததும், 1960-ஆம் ஆண்டின் கேரள சூதாட்டச் சட்டத்தின்கீழ் பணயம் வைத்து ஆடும் இணைய ரம்மியைத் தடை செய்து 2021 பிப்ரவரியில் மாநில அரசு பிறப்பித்த அறிவிப்பைக் கேரள உயர் நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் ரத்து செய்ததும், 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமின்றிப் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுத்துச் சட்டம் இயற்றியதும் தனி வரலாறு. கோவாவில் மாண்டவி நதியில் நிற்கும் சூதாட்டக் கப்பல்களில் அனுமதி பெற்று நடப்பதைக் கழக்கூட்டத்து அறையில் நடத்தப் புகுவது சட்டத்துக்கும் குடும்பத்துக்கும் பகை. அதற்கு அவசியமும் இல்லை. தோற்ற கட்சியார் காதில் குணுக்குத் தொங்கவிட்டுக்கொண்டு உட்காரவேண்டும் என்னும் மலையாள நாட்டுச் சம்பிரதாயம், காசு இல்லாமலே வெற்றியை இனிமையாகவும் தோல்வியைச் சுடுவதாகவும் ஆக்க வல்லது என்பதை இருபத்தெட்டு ஆடியவர் அனைவரும் அறிவர்.

கணினித் திரையில் ஆடும்போது மேற்கண்ட வழக்குகளில் பெரும்பாலானவை எழுவதே இல்லை. முறை வராதவனை இயந்திரம் ஆட விடாது, தொகையை இரண்டாகப் பிரித்துத் தள்ளவும் விடாது. எஞ்சுவது தவறான பொத்தானைத் தொட்டுவிடும் பிசகு ஒன்றே. அதற்கு அங்கே விசாரணையும் இல்லை, மன்னிப்பும் இல்லை. நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடுவோருக்கு மட்டுமே, பிறர் பிசகைப் பொறுத்து நியாயம் வழங்கும் பெருந்தன்மைக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தைச் சண்டையால் நிரப்புவது பெரும் நஷ்டம்.

ஆகவே, ஆட்டம் தொடங்குமுன் ஊருக்கு ஊர் மாறும் விதிகளில் எதைக் கொள்வது என்று பேசித் தீர்மானித்துக்கொள்ளவேண்டும். ஆட்டத்தில் பங்கில்லாத ஒருவரையோ, அனைவரும் நம்பும் மூத்தவர் ஒருவரையோ மத்தியஸ்தராக ஏற்று அவர் சொல்லுக்குக் கட்டுப்படவேண்டும். முறை வரும்வரை காத்திருந்து, முதலில் வாயால் சொல்லிப் பிறகு கையை நீட்டவேண்டும். புதிதாக வந்தவர் தவறினால் முதல் தடவை விதியை விளக்கி, ஆட்டத்தைக் கெடுக்காத அளவுக்கு விட்டுக்கொடுக்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆதாரமாக நிற்பது ஒன்று. நம் மனத்தில் இருப்பதை எதிரே இருப்பவர் ஊகித்துக்கொள்ளவேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை. அவருக்கு ஐயம் எழாதபடி தெளிவாகச் சொல்வதும் செய்வதும் நாம் அவருக்குச் செலுத்தவேண்டிய கடன். அந்தக் கடனைச் செலுத்தத் தவறியவன், தன் உத்தேசம் எவ்வளவு சுத்தமானதாயினும், விளைவைத் தானே ஏற்றுக்கொண்டு அடுத்த சீட்டைக் கையில் எடுப்பதே ஆண்மையும் அழகும் ஆகும். அப்படி ஏற்பவனோடு ஆடவே எல்லாரும் மறுநாளும் விரும்பி வருவார்கள்.