மூளை தப்புது, இதயம் ஏன் தப்பலை? புரோஜீரியா நோயில் செல்லுக்குள் நடப்பது என்ன?

'பா' படம் ஞாபகம் இருக்கா? 2009-ல் வந்த இந்திப் படம். இளையராஜா இசை, பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவு. அதில் 12 வயது பையனாக அமிதாப் பச்சன் நடித்திருப்பார். அந்தப் பையனுக்கு இருந்த நோய்தான் புரோஜீரியா. முடி கொட்டி, தோல் சுருங்கி, மூட்டுகள் விறைத்து, பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே தாத்தா பாட்டி தோற்றம் வந்துவிடும்.

நிஜத்தில் இந்த நோயோடு வாழ்ந்தவர்களில் உலகம் அறிந்த முகம், இத்தாலியின் சாமி பாசோ. சிகிச்சை கிடைக்காவிட்டால் இந்தக் குழந்தைகள் சராசரியாகப் பதினான்கரை வயது வரைதான் வாழ்கிறார்கள். பாசோ 28 வயது வரை வாழ்ந்தார். பதுவா பல்கலைக்கழகத்தில் படித்து, மூலக்கூறு உயிரியலில் முதுகலைப் பட்டமும் வாங்கி, தன் நோயையே ஆராய்ச்சி செய்தார். 2024 அக்டோபர் 5-ம் தேதி காலமானார்.

உடம்பையே வேகமாக மூப்படைய வைக்கிற நோய், ஒருவரை முதுகலை முடிக்க எப்படி விட்டது? இந்தக் குழந்தைகளுக்கு முதுமையில் வரும் மறதி நோய் வருவதில்லை. படிப்பு, பேச்சு, குறும்பு எல்லாமே வயதுக்கேற்ப இருக்கும். ஆனால் ரத்தக்குழாய்கள் கெட்டு, மாரடைப்பு பதின்வயதிலேயே வந்துவிடும். விடை செல்லுக்கு உள்ளே, உட்கருவின் சுவரில் இருக்கிறது.

உட்கரு வெறும் பை இல்லை

உட்கரு என்றால் டிஎன்ஏ இருக்கும் இடம் என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மைதான். சுமார் 2 மீட்டர் நீள டிஎன்ஏவை, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட வராத உருண்டைக்குள் சுருட்டி வைத்திருக்கிறது உடம்பு. ஆனால் பாடப்புத்தகம் அதிகம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்த உருண்டை இழுபடும், நசுங்கும், வளையும். நாம் நடக்கும்போது தசை செல் இழுபட்டால் அதன் உட்கருவும் சேர்ந்து இழுபடுகிறது.

கிழியாமல் தாங்குவது யார்? உட்கருவின் சவ்வுக்கு உள்பக்கம் ஒட்டினாற்போல ஒரு புரத வலை இருக்கிறது. கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் உட்கார்ந்தாலும் பாரத்தை எல்லாக் கயிறுகளும் பங்கு போட்டுக்கொள்ளும் இல்லையா, அந்த வேலைதான். இந்த வலையின் முக்கியமான கயிறு 'லேமின் ஏ' என்ற புரதம்.

எல்லா செல்லிலும் இது ஒரே அளவு கிடையாது. எலும்பு, தசை போன்ற விறைப்பான திசுக்களில் அதிகம்; மூளை போன்ற மென்மையான திசுக்களில் ரொம்பக் குறைவு. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் டிஷர் குழு 2013-ல் இதை விரிவாகக் காட்டியது. கிருமியைத் துரத்தும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில்லுக்கும் லேமின் ஏ குறைவுதான். ரத்தக்குழாய்ச் சுவரின் சின்ன இடுக்கு வழியாக நுழைந்து போக வேண்டியவை அவை. விறைப்பான உட்கருவை வைத்துக்கொண்டு அந்த வேலை நடக்காது.

ஒரே ஒரு எழுத்து

புரோஜீரியாவுக்குக் காரணமான மரபணு 2003-ல் கண்டுபிடிக்கப்பட்டது. லேமின் ஏ-வை உருவாக்கும் மரபணுவில் 1824-வது எழுத்து, 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'டி'. அவ்வளவுதான். அதுவும் பொருளை மாற்றாத பிழை இது. அந்த இடத்தில் வர வேண்டிய அமினோ அமிலம் மாறுவதே இல்லை. ஆனால் செல் அதை 'இங்கே வெட்டு' என்ற குறியாகத் தப்பாகப் படித்துவிடுகிறது. 50 அமினோ அமிலங்கள் காணாமல் போகின்றன. செய்தி எடிட் செய்கிறவர்களுக்குப் புரியும், எழுத்துப் பிழையைவிடத் தப்பான இடத்தில் விழும் கத்தரிதான் ஆபத்து.

வெட்டுப்பட்ட பகுதியில்தான் விஷயமே இருக்கிறது. லேமின் ஏ தயாராகும்போது அதற்கு ஒரு கொழுப்பு வால் ஒட்டப்படும். சவ்வை நோக்கிப் போக அது உதவும். போய்ச் சேர்ந்ததும் வால் நறுக்கப்பட வேண்டும். நறுக்குவதற்கான இடமே தொலைந்துபோனதால், வாலோடு சவ்வில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது குறைப்புரதம். இதன் பெயர் புரோஜெரின். அது சேரச் சேர வலை தடித்து விறைக்கிறது. உட்கரு சுருங்கிக் கசங்கி, அங்கங்கே புடைத்துக்கொள்கிறது.

இப்போது இதயத்துக்கு வருவோம். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இதயம் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பெருந்தமனியின் சுவர் விரிந்து சுருங்குகிறது. அந்தச் சுவரில் இருக்கும் தசை செல்களுக்கு ஓய்வே இல்லை. உட்கருவின் வலை கெட்டுப்போனால் முதலில் அடிவாங்குவது இவைதான். செல்கள் அழிய அழிய, குழாய் கெட்டிப்படுகிறது.

மூளை தப்பிப்பதும் இதனால்தான். நரம்பு செல்கள் லேமின் ஏ-வைக் கிட்டத்தட்டத் தயாரிப்பதே இல்லை. அதே மரபணுவிலிருந்து லேமின் சி என்ற வேறு புரதத்தை எடுத்துக்கொள்கின்றன. அதில் இந்த வெட்டு விழாது.

நமக்கு என்ன சம்பந்தம்?

புரோஜீரியா மிக அரிது. சுமார் 40 லட்சம் பிறப்புகளில் ஒன்று. ஆனால் புரோஜெரின் மிகச் சிறிய அளவில் சாதாரண மனிதர்களின் செல்களிலும் உருவாவதை 2006-ல் ஆய்வாளர்கள் கண்டார்கள். இதே மரபணுவில் வேறு இடத்தில் பிழை வந்தால் தசைச் சிதைவு நோயோ, இதயத்துடிப்புக் கோளாறோ வரலாம். புற்றுநோயிலும் உட்கருவின் வடிவம் முக்கியம். கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் பரிசோதனையில், உட்கரு பெருத்திருக்கிறதா, உருமாறியிருக்கிறதா என்றுதான் முக்கியமாகப் பார்க்கிறார்கள்.

மருந்து இருக்கா?

இருக்கு. முதலில் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட லோனாஃபார்னிப் என்ற மருந்து, அந்தக் கொழுப்பு வால் ஒட்டுவதையே தடுக்கிறது. 2020 நவம்பரில் அமெரிக்க அரசின் எஃப்டிஏ இதற்கு அனுமதி தந்தது. நீண்டகாலக் கண்காணிப்பில், சராசரியாக இரண்டரை ஆண்டுகள் ஆயுள் கூடியது. கேட்க கம்மியாகத் தோன்றலாம். பதினான்கரையோடு சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து, பிழையான அந்த எழுத்தையே திருத்தும் முயற்சி. புரோஜீரியா உள்ள எலிகளுக்கு டேவிட் லியூவின் ஆய்வகமும் மற்ற குழுக்களும் சேர்ந்து மரபணுத் திருத்த ஊசி போட்டுப் பார்த்தன. 2021-ல் முடிவு வெளியானது. வழக்கமாக 215 நாட்கள் வாழ்ந்த எலிகள், ஒரே ஊசிக்குப் பிறகு 510 நாட்கள் வரை வாழ்ந்தன. அவற்றின் பெருந்தமனியில், அழிந்திருக்க வேண்டிய தசை செல்கள் அப்படியே இருந்தன.